மலை மேகமும் கணிமை மேகமும்

மேகத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. முகில் என்பர்; கொண்டல் என்பர்; எழிலி என்பர்; மலைமுகட்டில் தவழ்ந்து செல்லும் வெண்மேகத்தை மஞ்சு என்பர். வானத்தை நம்பி வாழ்ந்த மக்கள் தாம் கண்ட வேறுபாடுகளுக்கெல்லாம் பெயர் வைத்தனர். அந்தப் பழைய வரிசையில் இந்த நூற்றாண்டு புதியதொரு பெயரைச் சேர்த்திருக்கிறது. மேகக் கணிமை என்பது அதன் பெயர்.

புதுச் சொல்லைக் கேட்டவுடன், இது பட்டணத்துக் கண்ணாடி மாளிகைகளுக்கு உரிய செய்தி என்று மலைநாட்டு மக்கள் ஒதுங்கிவிடக்கூடும். உண்மை அதுவன்று. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த தானா ராத்தா என்னும் சிற்றூருக்கும் இந்தப் புதிய மேகத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவில் ஊர் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது.

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். மலை அவர் பெயரைப் பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, தேயிலைக் கன்று நட்ட கைகளில் தமிழர் கைகள் பல. அவர்கள் நட்ட பச்சைக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் ஒன்று இருக்கிறது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அதன் எண் 48632.

மலேசியாவில் காலை 8 மணி ஆகும்போது உலகப் பொது நேரம் நள்ளிரவு 0 மணி. உலகெங்கிலும் உள்ள நிலையங்கள் குறித்த ஒரே வேளையில் வானத்தை அளந்து சொல்ல வேண்டும் என்பது நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதன்படி வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் திசை, மழையின் அளவு ஆகியவை அளக்கப்பட்டு, நெடுங்காலம் ஐந்தைந்து இலக்கங்களாகக் கோக்கப்பட்ட செய்தியாக உலகெங்கும் அனுப்பப்பட்டு வந்தன. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. மலேசியாவில் பதிவான குளிர்களுள் அதுவே மிகக் கடியது என்று இன்றும் குறிப்பிடப்படுகிறது. தானியங்கிக் கருவிகள் பரவாத காலம் அது. குளிரில் எழுந்து சென்று, வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் குறித்து வைக்கும் மனிதரை நம்பியே அத்தகைய எண்கள் உலகிற்குக் கிடைத்தன.

தானா ராத்தாவின் கடமை வெப்பத்தோடும் மழையளவோடும் முடிந்துவிடவில்லை. உலக வளிமண்டலக் கண்காணிப்புத் திட்டத்தில் அது ஒரு வட்டார நிலையம். கிழக்காசியாவில் மழைநீரின் அமிலத்தன்மையை அளப்பதற்காக 2001ஆம் ஆண்டு சனவரியில் முறையாகச் செயற்படத் தொடங்கிய பன்னாட்டு வலையமைப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அவ்வலையமைப்பில் 13 நாடுகள் சேர்ந்துள்ளன; அதன் மையம் சப்பானிலுள்ள நீகாத்தா நகரில் இயங்குகிறது. ஆலைகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் தொலைவில் உள்ள இடத்து மழையும் தெரிந்தால்தான் நகரத்து மழையின் மாசு எவ்வளவு என்று சொல்ல இயலும். மலைமீது விழும் மழைத்துளியில் எவ்வளவு சல்பேட்டு, எவ்வளவு நைத்திரேட்டு என்று எழுதப்படும் கணக்கு அதனால் பல நாடுகளுக்கும் வேண்டியதாகிறது.

இப்படி ஒரு நிலையத்திலிருந்து செல்வது சில எண்கள்தாம். ஆனால் ஆயிரக்கணக்கான நிலையங்களும், கப்பல்களும், வானூர்திகளும், மிதவைகளும், துணைக்கோள்களும் நாள்தோறும் அனுப்புவன ஒன்றுசேரும்போது அச்சேர்க்கை மனிதக் கணக்கிற்கு அடங்குவதில்லை. இக்காலத்து வானிலைத் தரவுகளைப் பெட்டாபைட்டு என்னும் அலகால் அளக்கின்றனர். 400 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு நூலை எண்ணிக்கொண்டு, எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கணக்கிட்டால், ஒரு பெட்டாபைட்டில் 250 கோடி நூல்கள் அடங்கும். அதை நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பின் வழியாக ஓர் ஆய்வாளர் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ள முனைந்தால், இரவு பகல் ஓயாமல் இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இறக்கி முடிந்தபின் வைப்பதற்கு இடம் ஏது? வைத்தாலும் ஒற்றைக் கணினி அதைப் படித்து முடிப்பது எந்தக் காலம்?

இந்தச் சிக்கலுக்கு அறிவியலார் கண்ட தீர்வு தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. பறித்த கொழுந்து கனமானது. கூடைக்குள் அடைந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போவது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தச் சுமையை நெடுந்தொலைவு கொண்டு செல்வது வீண் செலவு. அதனால்தான் தேயிலை ஆலைகளைத் தோட்டத்திற்குள்ளேயே கட்டினர். கொழுந்து ஆலையைத் தேடிப் பட்டணம் போகவில்லை. ஆலை கொழுந்தைத் தேடி மலையேறி வந்தது. மேகக் கணிமையும் இதையே செய்கிறது. தரவுகள் ஓரிடத்தில் குவிந்திருக்க, கணக்கிடும் பொறிகளை அவற்றின் பக்கத்திலேயே நிறுத்துகின்றனர். ஆய்வாளர் தம் ஊரிலிருந்து அனுப்புவது சில வரிக் கட்டளை. திரும்பப் பெறுவது ஒரு சிறு விடை. பெருஞ்சுமை இடம்பெயர்வதில்லை. தரவைக் கணக்கீட்டிடம் கொண்டு செல்லாமல் கணக்கீட்டைத் தரவிடம் கொண்டு செல்ல வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியவர்களுள் சிம் கிரே என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் குறிப்பிடத் தக்கவர். அவர் 2007இல் கடலில் படகோடு காணாமற்போனார். அவருடைய எண்ணங்களை அடியாகக் கொண்ட ‘நான்காம் நெறி’ என்னும் பொருளுடைய ஆங்கில நூல் 2009இல் வெளிவந்தது.

அடுத்தது வேலைப் பங்கீடு. ஒரு மலைச்சரிவுக் கொழுந்து முழுவதையும் ஒருவரே பறிக்க முடியாது. முன்னாளில் மண்டோர் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். அவரவர் நிரையில் அவரவர் பறித்து, நிறுக்கும் இடத்தில் கூடைகளை இறக்க, மொத்தக் கணக்கு ஏட்டில் ஏறும். ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் அவருடைய நிரையை மற்றொருவர் எடுத்துக்கொள்வார்; வேலை நிற்காது. மேகத்திலும் ஒரு பெருங்கணக்கு ஆயிரம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஆயிரம் கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. துண்டு விடைகள் பின்னர் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. நடுவே ஒரு கணினி பழுதானால் அதன் பங்கு வேறொன்றுக்குப் போகிறது. வேலை மிகுந்தால் கணினிகளைக் கூட்டலாம், முடிந்தால் விட்டுவிடலாம், பயன்படுத்திய அளவிற்கு மட்டும் கட்டணம். தொலைபேசியைப் போலக் கணிக்கும் ஆற்றலும் ஒரு நாள் பொதுப் பயனீடாகும் என்று சான் மெக்கார்த்தி 1961இலேயே கூறியிருந்தார். 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினியையும் வாடகைக்குத் தரத் தொடங்கியபோது அக்கூற்று நடைமுறைக்கு வந்தது எனலாம்.

இவ்வாற்றலின் அளவைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்காவின் லாண்ட்சாட் துணைக்கோள் படங்கள் 2008இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. மேரிலாந்து பல்கலைக்கழகத்து மேத்தியூ ஹேன்சனும் அவர் குழுவினரும் அப்படங்களுள் 654,178ஐ எடுத்து, கூகுள் நிறுவனத்தின் மேகக் கணினிகளில் ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரை உலகின் மரப்போர்வை எங்கெங்கு அழிந்தது என்பதை 30 மீட்டர் நுட்பத்தில் வரைந்து 2013இல் வெளியிட்டனர். ஒற்றைக் கணினிக்கு 15 ஆண்டு பிடித்திருக்கக்கூடிய வேலை சில நாள்களில் முடிந்தது. 2000ஆம் ஆண்டில் இருந்த மரப்போர்வையில் 14.4 விழுக்காட்டை இழந்து, இழப்பின் விகிதத்தில் உலக நாடுகளுள் மலேசியா முதலிடத்தில் நிற்பதாக அவ்வரைபடம் காட்டியது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அவ்வாய்வு 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எதையும் மரம் என்றே கொண்டது. காட்டு மரத்திற்கும் நட்ட மரத்திற்கும் அது வேறுபாடு காணவில்லை. பால் வற்றிய பழைய ரப்பர்த் தோட்டத்தை மறுநடவிற்காக வெட்டினால் அதுவும் இழப்பு. பல்லாண்டுப் பழைமையான மழைக்காட்டை வெட்டினால் அதுவும் இழப்பு. வெட்டிய காட்டில் செம்பனை ஓங்கி வளர்ந்தால் அது வரவு. இடுப்பளவிற்குக் கவாத்து செய்யப்படும் தேயிலையோ அந்தக் கணக்கில் மரமே அன்று. காடு அழிகிறது என்ற எச்சரிக்கை இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் எந்த இழப்பு மறுநடவு, எந்த இழப்பு மீளாதது என்று பிரித்துச் சொல்ல, அந்த மண்ணில் நடந்து பழகியவரின் அறிவு வேண்டும். தோட்டத்து முதியவர் ஒருவர், இது இன்ன ஆண்டு நட்ட காடு, அது பழங்காடு என்று கைநீட்டிச் சொல்லிவிடுவார். ஆறரை லட்சம் படங்களைப் பார்த்த மேகத்திற்கு அது தெரியவில்லை.

உலக வானிலைக் கணக்கிலும் இதே நிலை. ஐரோப்பிய நடுத்தர முன்கணிப்பு மையம் தொகுத்துள்ள ஈஆர்ஏ-5 என்னும் தரவுத்தொகை, 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உலகின் வானிலையைக் கணக்கிட்டுத் தருகிறது. எவரும் அதை இலவசமாகப் பெறலாம். ஆயினும் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமும் அகலமும் உடையது; பரப்பு 900 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேமரன் மலை மாவட்டம் முழுவதுமே 712 சதுர கிலோமீட்டர்தான். பிரிஞ்சாங்கின் உச்சிக் குளிரும் மலையடிவாரத்துப் புழுக்கமும் அத்தகைய கட்டத்திற்குள் கலந்து சராசரியாகிவிடுகின்றன. ஒரு பள்ளத்தாக்கில் பொழிந்து அடுத்த பள்ளத்தாக்கைத் தொடாமல் போகும் மாலை மழை அந்தக் கணக்கில் எப்படித் தெரியும்?

தெரியாமற்போவதன் விலை சிறியதன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கடும் மழையை அடுத்து, ரிங்லெட் அருகேயுள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு நவம்பரில் அதே வட்டாரத்தில் சேற்று வெள்ளம் மக்களைப் பலிகொண்டது. 1960களில் கட்டப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தை, மேலே திருத்தப்பட்ட சரிவுகளிலிருந்து கரைந்து வந்த மண் ஆண்டுக்காண்டு தூர்த்து வந்ததும் பலர் அறிந்தது. எந்தச் சரிவில் எவ்வளவு மழை பெய்தால் மண் நகரும், எந்த ஓடை எத்தனை நாழிகையில் பெருகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல, கட்டம் 31 கிலோமீட்டராக இருந்தால் ஆகாது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக வேண்டும். கட்டம் சுருங்கச் சுருங்கக் கணக்கு பன்மடங்கு பெருகும். மீப்பெரும் கணினி வைத்திருக்கும் நாடுகளுக்கே முன்னர் அது கைகூடியது.

இன்று நிலை மாறியிருக்கிறது. மலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் சென்ற ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். தன் பள்ளத்தாக்கின் மழையையும் மண்சரிவையும் ஆராய அவள் விரும்புகிறாள். அவளிடம் இருப்பது ஒரு மடிக்கணினி. கூடவே ஓர் இணைய இணைப்பு. மேகத்தில் இருக்கும் துணைக்கோள் படங்களையும் எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட வானிலைத் தொகையையும் தன் கட்டளையால் அவள் இயக்கலாம். இரவு முழுவதும் ஏதோ ஒரு நாட்டில் நூறு கணினிகள் அவளுக்காக உழைக்கும். விடிந்ததும் விடை வந்து நிற்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்த காலத்தை எண்ணினால் இது சிறிய மாற்றமன்று.

எனினும் மேகம் என்ற பெயரில் ஒரு மயக்கம் உண்டு. பொறியாளர்கள் தங்கள் வரைபடங்களில், தமக்கு அப்பாலுள்ள வலையமைப்பின் உள்விவரத்தை எழுத வேண்டாத இடத்தில் மேகம் போன்ற ஒரு கோட்டை வரைவது வழக்கம். அந்தக் கோடே பெயராயிற்று. உண்மையில் அது வானத்தில் மிதப்பதன்று, நிலத்தில் நிற்பது. ஜொகூரின் குலாய் வட்டாரத்தில் முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. அமேசான் நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலேசியாவிலேயே தன் மேக வட்டாரத்தைத் திறந்தது. அடுக்கடுக்காக நிற்கும் அந்தக் கணினிகளுக்கு மின்சாரம் வேண்டும். சூட்டைத் தணிக்க நீர் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நீரும் மின்சாரமும் எங்கெல்லாம் செல்கின்றன என்று கேட்கும் உரிமை மலைமக்களுக்கும் உண்டு.

வாடகையையும் மறந்துவிடலாகாது. தரவை மேகத்திற்குள் ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வெளியே எடுப்பதற்கே கட்டணம். வைத்திருக்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு தொகை. கணினியை நிறுத்த மறந்தால் மணிக்கு மணி ஏறும் தொகை. ஆய்வு நிதி தீர்ந்த நாளில், பல ஆண்டு திரட்டிய தரவு பிறர் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் நிலையும் நேரலாம். தோட்டக் கடையில் பற்று எழுதி வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கின் போக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. பொருள் எளிதாகக் கிடைத்தது. ஏடு மட்டும் பிறர் கையில் இருந்தது.

ஆகவே மேகத்தைப் புகழ்வதும் இகழ்வதும் எளிது. அதனோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டைச் சீராக்குவதே வேண்டுவது. நல்ல வழிகள் திறந்தும் இருக்கின்றன. அடிப்படை வானிலைத் தரவுகளை நாடுகள் தமக்குள் இலவசமாகவும் தடையின்றியும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2021இல் தீர்மானித்தது. ஐந்தைந்து இலக்கங்களை அனுப்பிய பழைய தொலைத்தொடர்பு முறைக்கு மாற்றாக, மேகக் கணிமையைத் துணைக்கொண்ட புதிய தகவல் முறைமையை அது 2025ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வசதி குறைந்த நாட்டின் நிலையமும் குறைந்த செலவில் தன் அளவுகளை உலகிற்கு வைக்கலாம். உலகின் அளவுகளைத் தானும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம்.

கேமரன் மலையளவில் செய்யத் தக்கவையும் உண்டு. ஒரு நிலையத்தின் மழைமானி எல்லாப் பள்ளத்தாக்கிற்கும் சாட்சி சொல்ல முடியாது. மலையிலுள்ள பள்ளிகளும் தோட்டங்களும் மரக்கறிப் பண்ணைகளும் ஆளுக்கொரு மழைமானியை முறையாக வைத்து, நாள் தவறாமல் குறித்து வந்தால், பெருங்கட்டத்திற்குள் காணாமற்போன சிறு மழைகள் கணக்கிற்கு வரும். மழைமானியின் வாயில் இலை அடைத்திருந்தால் அன்றைய எண் பிழை. அந்தப் பிழையை ஆயிரம் கணினிகள் சேர்ந்தாலும் அதே இடத்தில் நின்று கண்டுகொள்ள இயலாது. எனவே அளப்பவரின் ஒழுங்கே எல்லாவற்றிற்கும் அடிப்படை. அடுத்து, பொதுப் பணத்தில் அளக்கப்பட்டவை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அவற்றின் படி ஒன்று நாட்டிற்குள் பொது நிறுவனத்தின் காப்பிலும் இருத்தல் நன்று. மூன்றாவதாக, தோட்டத்து மாணவர்கள் இந்தக் கருவிகளைக் கையாளப் பழக வேண்டும். பழைய ரப்பர்க் காட்டிற்கும் மழைக்காட்டிற்கும் வேறுபாடு அறிந்த பாட்டனின் அறிவும், மேகத்திற்குக் கட்டளை எழுதத் தெரிந்த பேத்தியின் அறிவும் ஒரே வீட்டில் கூடினால், எந்தப் பெரிய ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத தெளிவு அங்கே கிடைக்கும்.

மலைமேகம் நிலத்து நீரை ஆவியாக வாங்கிக்கொண்டு, குளிர்ந்து, திரும்ப நிலத்திலேயே பெய்கிறது. வாங்கிய நீரைத் தராத மேகத்தை உழவர்கள் மேகமென்று மதித்ததில்லை. கணிமை மேகத்திற்கும் அந்த அளவுகோலையே வைக்க வேண்டும். தானா ராத்தாவின் குளிரும் மழையும் மாசும் எண்களாக உலகிற்குச் செல்கின்றன. அவை ஆராயப்பட்டு, இந்தச் சரிவில் இன்றிரவு உறங்கலாமா, வெளியேற வேண்டுமா என்னும் செய்தியாக, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு குடும்பத்திற்கு உரிய நேரத்தில் திரும்பி வரும் நாளில், அந்த மேகமும் பெய்தது என்று சொல்லலாம்.